படத்தில் விழாத வாயு

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய கோபம் தெரியும். கேலக்ஸி என்றாலே பளபளக்கும் வண்ணப்படம்தான் என்று பத்திரிகைகள் முடிவு கட்டிவிட்டன. இந்த வாரமும் அதே கதை. தென்னாப்பிரிக்காவின் கரூ பொட்டல் நிலத்தில் 64 டிஷ்களோடு நிற்கிற மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி, அருகிலுள்ள 30 கேலக்ஸிகளை ஒவ்வொன்றையும் 55 மணி நேரம் என்று உற்றுக் கேட்கும் பணியைப் பற்றி நாலு வரி வந்திருக்கிறதா என்று தேடினேன். அவற்றைச் சுற்றி மெலிதாகக் கிடக்கும் ஹைட்ரஜனைப் பிடிக்கும் வேலை அது. கிடைத்ததோ ஒரு சுருள் கேலக்ஸியின் அரைப்பக்கப் படம்.

எம்81, எம்82, என்ஜிசி 3077 என்ற கேலக்ஸிகள் மூன்றும் வண்ணப்படத்தில் ஒட்டும் உறவும் இல்லாமல் தனித்தனியே நிற்கும். 1994-இல் வெளியான ஹைட்ரஜன் வரைபடத்தில் நீண்ட வாயுத் தாரைகள் மூன்றையும் பிணைத்திருக்கின்றன. ஒன்றையொன்று நெருங்கி இழுத்துப் பிய்த்த வரலாறு முழுக்க அந்த வாயுவில்தான் இருக்கிறது.

அந்த வாயுவைக் காட்டிக்கொடுப்பது அதன் ரேடியோ அலைதான். தனி ஹைட்ரஜன் அணு ஒன்று தானாக 21 செ.மீ. ரேடியோ அலையை வெளியிட சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படி ஓர் அலை வரும் என்று 1944-இல், ஜெர்மானியப் பிடியிலிருந்த நெதர்லாந்தில் கணித்துச் சொன்னவர் வான் டி ஹுல்ஸ்ட். முதலில் அதைப் பிடித்தவர் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஹரோல்ட் யூவன். கையில் இருந்த நிதி 500 டாலர். ஒட்டுப்பலகையில் பெரிய கொம்பு ஒன்று செய்து, செப்புத் தகடு போர்த்தி, ஆய்வகத்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியே அறைக்குள் கொட்டும். பனிக்காலத்தில் கீழே போகிற மாணவர்கள் அதன் வாய்க்குள் பனி உருண்டை எறிவார்கள். 1951 மார்ச் 25 விடியலுக்கு முன் அலை சிக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு உயிர். டச்சுக் குழுவும் இதே தேடலில் இருந்தது. நடுவில் அவர்கள் கருவி தீயில் போனது. யூவனும் அவருடைய பேராசிரியர் பர்செலும் முந்திக்கொண்டு அச்சுக்கு ஓடவில்லை. தங்கள் கருவியின் சூட்சுமத்தை டச்சுக்காரர்களிடம் சொன்னார்கள். மே மாதம் அவர்களுக்கும் அலை கிடைத்தது. செப்டம்பர் 1 ‘நேச்சர்’ இதழில் இரு குழுவின் கட்டுரைகளும் சேர்ந்தே வந்தன. ஆஸ்திரேலியக் குழு தந்தியில் அனுப்பிய உறுதிச் செய்தியும் கூடவே வந்தது. அறிவியலில் இதைவிடப் பெருந்தன்மையான வெற்றி எனக்குத் தெரியாது.

அந்தக் கொம்பு இன்று மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் வானாய்வகத்தில் நிற்கிறது. அமெரிக்கா போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.