அடிமாட்டு விலை

சந்தையில் கத்தரிக்காயைப் பாதி விலைக்குக் கேட்பவரை யாரும் பாபி என்பதில்லை. கூடைக்காரி சிரித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பி விடுவாள். வீடு விற்பவரும் அவ்விதம் சிரிக்கக் கூடியவராயின், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் குற்றமில்லை. சிரிக்க இயலாதவரிடம் கேட்பதுதான் விஷயம்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டணத்திலும் குண்டு வீசினர். சென்னையில் சர்க்கார் காரியாலயங்களே உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. ரயிலேறத் துடித்தவர்களில் சிலர் வீட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். வாங்கியவர்களும் ஆபத்தைச் சேர்த்தே வாங்கினார்கள் அல்லவா? ஆதலால் அவர்களைக் கொள்ளைக்காரர் என்று கூற மனம் ஒப்பவில்லை. ஆனால் எதிராளி அன்றிரவே புறப்பட வேண்டியவர் என்றறிந்து, காலையில் பேசிய தொகையை மாலையில் பாதியாக்கியவர் எவரேனும் இருப்பின், அவர் கதை வேறு.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஓர் உதாரணம் தருகிறது. ஆயிரம் ரூபாய் பெறுமான குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒருவர் மனமொப்பிச் சம்மதித்தால், அது செல்லும். மனமொப்பிச் சம்மதிக்கவில்லை என்று அவர் சொன்னாலோ, விலை அவ்வளவு அற்பமாயிருப்பதையும் கோர்ட்டார் கவனிக்க வேண்டும். கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கு ரொக்கத்துடன் செல்லும் உறவினர்கள் இதைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர்கள் ஒன்று செய்யலாம். அக்கம் பக்கத்தில் கிரயமான விலையை விற்பவரிடம் தாமே சொல்லி, வேறு நாலு பேரை விசாரிக்க ஒரு வாரம் அவகாசம் கொடுக்கட்டும். பிறகும் அவர் திரும்பி வந்தால், தாராளமாகப் பத்திரம் எழுதிக் கொள்ளட்டும்.