கொழுப்பு யாருக்கு?

2025 நவம்பரில் சென்னையில் நடந்த ஒரு திரைப்பட விளம்பர நிகழ்வில், நடிகை கௌரி கிஷனின் உடல் எடையைப் பற்றிய கேள்வி பெரும் சர்ச்சையானது. கேட்டவர் தன் கேள்வியில் தவறில்லை என்று வாதாடினார். இது உருவக்கேலி என்று கௌரி கிஷன் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு ஆதரவு குவிந்தது. அது நியாயமான ஆதரவு. ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் நாகரிகத்தைப் பற்றியதாகவே ஓடியது. ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்கலாமா, பத்திரிகை தர்மம் என்ன, ஆண்களிடம் கேட்பார்களா என்ற கேள்விகளோடு நின்றுபோனது. அந்தக் கேள்விகள் தேவைதான். ஆனால் அடுத்தவர் உடம்பை அளந்து தீர்ப்புச் சொல்லும் இந்த உரிமை நம் சமூகத்துக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் சினிமாவோடு முடியாது. சாதியில் போய்த்தான் நிற்கும்.

நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். 'கொழுப்பு' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று உடம்பில் சேரும் சதைப்பற்று. இன்னொன்று திமிர். இந்த இரண்டாவது பொருள் யார் மீது விழுகிறது என்று பாருங்கள். பண்ணையார் வீட்டு அம்மா 'பூசினாற்போல' இருப்பார். அவர் பேரப்பிள்ளை 'கொழுகொழு'வென்று இருக்கும். பண்ணையார் 'வாட்டசாட்டமான ஆள்'. அவர் வயலில் நாற்று நடும் பெண்ணுக்குக் கொஞ்சம் சதை போட்டால் மட்டும் 'தின்னு கொழுத்துட்டா'. அவளே கூலியை உயர்த்திக் கேட்டால் 'கொழுப்பெடுத்துப் போச்சு'. சேரிப் பையன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஊர்த்தெருவில் வண்டி ஓட்டினால் 'கொழுப்பைப் பாரு'. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் 'மாட்டுக்கறி தின்ன கொழுப்பு'. அதே பையன் ஒல்லியாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. அப்போது அவன் 'நோஞ்சான்', 'சோத்துக்குச் செத்தவன்'. சதை இருந்தால் திமிர், இல்லாவிட்டால் பஞ்சம். அவன் உடம்பு சரியாக இருக்க ஒரு வழியும் வைக்கப்படவில்லை.

'கொழுப்பு என்று எல்லோரையும்தானே திட்டுகிறோம், தாய் பிள்ளையைத் திட்டுவதில்லையா?' என்று சிலர் கேட்கலாம். அந்த உதாரணமே என் வாதத்துக்குச் சாட்சி. தாய் பிள்ளையைச் சொல்வாள். பிள்ளை தாயைச் சொல்ல முடியாது. முதலாளி தொழிலாளியைச் சொல்வான். மாமியார் மருமகளைச் சொல்லலாம். மருமகள் திருப்பிச் சொன்னால் அன்றைக்கு வீடு இரண்டாகும். இந்தச் சொல் மேலிருந்து கீழே மட்டுமே பயணிக்கிறது. உனக்கு விதித்த அளவைத் தாண்டி நீ வளர்ந்துவிட்டாய் என்பதுதான் இதன் உட்பொருள். சூத்திரனுக்குச் சக்தியிருந்தாலும் செல்வம் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அவன் பார்ப்பனரைத் துன்புறுத்துவான் என்கிறது மனு ஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம். செல்வத்துக்கு மனு சொன்னதைத்தான் சதைக்கு ஊர் சொல்கிறது.

மனு அதோடு நிற்கவில்லை. சண்டாளர் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், இரும்பு நகையே அணிய வேண்டும் என்று அதே அத்தியாயத்தில் விதிக்கிறது. ஒருவர் எப்படித் தோன்ற வேண்டும் என்பது இந்த மண்ணில் ஒருபோதும் அவரவர் விருப்பமாக இருந்ததில்லை. அது எழுதப்பட்ட விதி.

இது பழங்கதை என்று ஒதுக்குபவர்களுக்கு நம் மாநிலத்தின் வரலாற்றையே காட்டலாம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆங்கிலேய அதிகாரி ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியை வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டத்தைத் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

எட்டில் பாத்திரத்தைப் பற்றிய ஒன்றை விட்டுவிட்டால், மீதி எல்லாமே தோற்றத்தைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய நாடார் பெண்களுக்கு 1859இல் அரசாணை கிடைத்தது. மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் அதே விதத்தில் அணியக் கூடாது என்றது அந்த ஆணை. மானத்தைக் கொடுத்தாலும் சமத்துவத்தைக் கொடுக்க மனமில்லை. 1928இல் இந்தூர் பகுதியில் பலாய் மக்கள் சரிகைக் கரை போட்ட தலைப்பாகையும் வண்ணக் கரை வேட்டியும் அணியக் கூடாது என்று தடை போடப்பட்டதை, அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டுகிறார். பார்த்த மாத்திரத்தில் சாதி தெரிய வேண்டும் என்பதே இந்தத் தடைகள் அனைத்தின் நோக்கம்.

இன்று அப்படி ஒரு பட்டியலை யாரும் சுவரில் ஒட்ட முடியாது, சட்டம் பாயும். அதனால் பட்டியல் கண்ணுக்குள் குடியேறிவிட்டது. 'பார்த்தாலே தெரியுது', 'பார்த்தா அப்படித் தெரியலையே' என்ற இரண்டு வாக்கியங்களும் அந்தக் கண்ணிலிருந்து வருபவை. இரண்டாவதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் இதைக் கேட்காத தலித் மாணவர் இருந்தால் அவர் பாக்கியசாலி. நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, உதவித்தொகை வரத் தொடங்கி, மூன்று வேளையும் விடுதியில் சாப்பிட்டு உடம்பு கொஞ்சம் தேறிய காலத்தில், 'ஃபெலோஷிப் பணமெல்லாம் உடம்புலதான் போயிருக்கு போல' என்று ஒரு பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். அதே உதவித்தொகை வாங்கிய, என்னைவிடப் பருமனான சக மாணவர் அங்கேயே நின்றார். அவருக்கு 'நல்ல பெர்சனாலிட்டி' என்று பெயர். சிரிப்பு என் எடையைப் பற்றியது மட்டும் என்றால் அவர் மீதும் விழுந்திருக்க வேண்டும். யார் பணத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு அந்தச் சிரிப்புக்குள் இருந்தது.

'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ஆரோக்கியம் முக்கியம் இல்லையா' என்பது அடுத்த சாக்கு. சரி, ஆரோக்கியத்தையே பேசுவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பத்தில் நான்கு பெண்களின் எடை கூடியிருக்கும்போது அதை ஒவ்வொருத்தியின் வாய்க்கட்டுப்பாடு இல்லாத குற்றமாகச் சொல்வது மோசடி. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தமே போதாதபோது, அவர்கள் நன்றாகத் தின்று கொழுத்தவர்கள் என்பது அதைவிடப் பெரிய மோசடி. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. 2011 முதல் ரேஷனில் விலையில்லாமல் வரும் அரிசி பட்டினியைத் தடுத்தது. அது பெரிய சாதனை. ஆனால் பருப்பும் காய்கறியும் முட்டையும் கறியும் பழமும் இன்னும் கூலியைப் பார்த்துத்தான் தட்டுக்கு வருகின்றன. மலிவான சத்துணவான மாட்டுக்கறியைத் தின்றால் இழிவு என்று சொல்லும் சமூகம், பிறகு அந்த உடம்பைப் பார்த்து ஆரோக்கியம் பற்றி வகுப்பெடுக்கிறது.

உண்மையில் அதிக எடை இன்றும் வசதியானவர்களிடம்தான் கூடுதல். குறைந்த எடை ஏழைகளிடமும் பட்டியலின, பழங்குடி மக்களிடமும்தான் கூடுதல். அக்கறை ஆரோக்கியத்தின் மீது என்றால், பேச்சு முதலில் அங்கன்வாடியிலிருந்தும் கூலியிலிருந்தும் தொடங்க வேண்டும். தொடங்குவதில்லை. ஒரு காலத்தில் தொப்பை செல்வத்தின் அடையாளம். இப்போது ஜிம்முக்கும் டயட்டுக்கும் பணமும் நேரமும் உள்ளவரின் ஒட்டிய வயிறு அந்தஸ்தின் அடையாளமாகிவருகிறது. நாளை இதுவும் மாறலாம். அளவுகோல் எத்தனை முறை மாறினாலும் அதைப் பிடித்திருக்கும் கை மட்டும் மாறுவதில்லை.

அந்தக் கையை வெட்டவெளிச்சமாகப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் தேவை பக்கம் போதும். சாதி, உட்பிரிவு, கோத்திரம், நட்சத்திரம் என்று போய், அதே மூச்சில் சிவப்பு நிறம், ஒல்லி, உயரம் என்று முடியும். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 1916லேயே அம்பேத்கர் நிறுவினார். அழகு என்று நமக்குப் பழக்கப்படுத்தப்பட்டது, அந்த அகமணச் சந்தையின் தரச் சான்றிதழ். 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் இந்தச் சந்தையில்தான் கடை விரித்தது. 2020இல் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. சந்தை அப்படியே இருக்கிறது.

இதற்குத் தீர்வாக இப்போது 'உன் உடம்பை நீ நேசி' என்கிறார்கள். கண்ணாடி முன் நின்று நான் அழகு என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதனால் யாருக்காவது மனம் தேறினால் மகிழ்ச்சி. ஆனால் என் உடம்பை நான் வெறுத்ததால் இந்தச் சிக்கல் வரவில்லை. நான் நேசித்துவிட்டால் தீரவும் தீராது. 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை உடுத்துவதை நிறுத்துங்கள், அடையாளம் காட்டும் நகைகளைக் கழற்றுங்கள் என்றார். தந்தை பெரியார் பெண்களிடம் முடியை வெட்டிக்கொள்ளவும் நகைகளைத் துறக்கவும் சொன்னார். ஒருவர் தடுக்கப்பட்டதை உடுத்தச் சொன்னார். இன்னொருவர் சுமத்தப்பட்டதை இறக்கச் சொன்னார். இருவருமே அழகுக் குறிப்பு சொல்லவில்லை. உடம்பின் மீதான அதிகாரத்தை ஊரிடமிருந்து பிடுங்கி உடம்புக்கு உரியவரிடம் கொடுத்தார்கள். சுயமரியாதை என்ற சொல்லில் உடம்பும் அடக்கம்.

அதனால்தான் நம் தோழர்களிடம் சில வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணவக்கொலை நடக்கும் நாட்டில் உருவக்கேலி ஒரு பிரச்சினையா, இது நடுத்தர வர்க்கத்தின் நோவு என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். ஆணவக்கொலைக்கு முன்பு அந்த வீட்டில் பேசப்படும் முதல் பேச்சே 'அவன் மூஞ்சியையும் கலரையும் பாத்தியா' என்பதுதான். இழிவு முதலில் உடம்பின் மீது விழுகிறது. வெட்டு பிறகு விழுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு வசதி இருக்கலாம், சாதிக்கு இல்லை.

இன்னும் சிலர் பேச்சோடு நிற்பதில்லை. எதிர்முகாம் அரசியல்வாதியைத் தாக்க அவர் நிறத்தையும் தொப்பையையும் வழுக்கையையும் வைத்து மீம் போடுகிறார்கள். பெண் தலைவர் என்றால் எடை, மேடையில் அவர் நடக்கும் விதம் எல்லாம் வந்துவிடுகிறது. கருப்புச் சட்டைப் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு எதிரியின் கருப்பைக் கேலி செய்யும் கூத்தும் நடக்கிறது. கொள்கையில் அடிக்க ஆயிரம் இடம் கொடுக்கும் எதிரியை உடம்பில் அடிப்பவருக்கு வாதம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த மீமைப் பார்த்து எதிரி வலிபட்டானா என்பது தெரியாது. அதே நிறமும் அதே உடம்பும் கொண்ட நம் வீட்டுப் பெண் பிள்ளை அதைப் பார்த்துச் சுருங்குகிறாள். ஆயுதம் யாருடையது என்று கூடப் பார்க்காமல் எடுத்து வீசினால் அது விழும் இடமும் நம் சேரிதான்.

உடம்பு விஷயத்தில் பேசி என்ன மாறும் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பெண்கள் பன்னிரண்டு மணிநேரம் நின்றபடியே வேலை பார்ப்பது இயல்பு என்றுதான் நேற்றுவரை நினைத்தோம். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. தொழிலாளர்கள் கேட்டார்கள், சட்டம் வந்தது. இதேபோல வேலைக்கான விளம்பரங்களில் 'நல்ல தோற்றம்', 'சிவந்த நிறம்' என்று கேட்பதைத் தடை செய்யச் சொல்லிக் கேட்கலாம். கல்வி வளாகங்களில் சாதிய வன்கொடுமை பற்றிய விதிகளை எழுதும்போது உருவக்கேலியையும் அதில் சேர்க்கச் சொல்லிப் போராடலாம். பள்ளிச் சத்துணவில் பருப்பும் முட்டையும் கூட வேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் முதலாவதாக இருக்கலாம்.

அதுவரை, அடுத்த முறை உங்கள் எதிரில் யாராவது ஒரு கூலிக்காரப் பெண்ணைப் பார்த்து 'கொழுப்பைப் பாரு' என்றால், சிரிக்காமல் ஒன்று மட்டும் கேளுங்கள். அவள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அளவு போட்டுக் கொடுத்தது யார்?