எழுதக் கற்பிப்பதா? பார்த்தெழுதப் பழக்குவதா?

நமது ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் எழுத்துக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு நடந்துவரும் காரியம், உண்மையில் எழுத்துக் கற்பிப்பதாகுமா என்பதைப் பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் சற்று நடுநிலையோடு யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

எழுதுவது என்றால் என்ன? தன் மனதில் பட்டதை, எதிரில் இல்லாத ஒருவனும் தெரிந்துகொள்ளும்படி செய்வதற்குத்தான் எழுதுவது என்று பெயர். கரும்பலகையில் இருப்பதைச் சிலேட்டிலும், சிலேட்டில் இருப்பதை நோட்டிலும் இறக்கி வைப்பது எழுதுவதாகாது. அது கைக்குக் கொடுக்கும் வேலையே ஒழிய, புத்திக்குக் கொடுக்கும் வேலையல்ல.

இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாவிட்டாலும், மக்களை அடக்கி ஆண்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் தென் கரோலினாவில் 1740ஆம் வருஷத்தில் அடிமைகளைப் பற்றி ஒரு சட்டம் செய்தார்கள். கறுப்பு அடிமைக்குப் படிக்கக் கற்பிப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால், எழுதக் கற்பித்தவனுக்கு 100 பவுன் அபராதம்! காரணமென்ன? படிக்கிறவன் எசமான் சொன்னதைத் தெரிந்துகொள்ளுவான். எழுதுகிறவனோ எசமானைப் பற்றியே சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1789இல் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளிக்கு அதிகாரியாக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அந்த முறையைத் தமது பள்ளியில் கையாண்டு, பிறகு இங்கிலாந்திலும் அதைப் பரப்பினார். ஆனால், அவரே அந்நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூட அவசியமில்லை என்றும் எழுதினார்! நம் பிள்ளைகளின் மணல் வேண்டும்; அவர் நாட்டு ஏழையின் எழுத்து வேண்டாம். இதற்கு என்ன பெயர் கொடுப்பது?

நம் நாட்டிலோ, பிறவியின் பேராலும் பெண் என்பதின் பேராலும், பெரும்பாலோருக்குப் படிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை என்றே வைத்திருந்தார்கள். அந்தக் கட்டை உடைத்து 1848இல் புனாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அவர்களிடம் படித்த முக்தாபாய் என்னும் மாங் சாதிப் பெண், 14 வயதில், தன் மக்கள் படும் துன்பத்தைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதினாள். 1855இல் அது "ஞானோதயா" பத்திரிகையில் வெளிவந்தது. வேதம் பார்ப்பனருக்கே சொந்தமென்றால் எங்களுக்கு மதம் எது என்று அந்தச் சிறு பெண் கேட்டாள். பார்த்தெழுத மட்டும் பழகியிருந்தால் அவள் அப்படிக் கேட்டிருக்க முடியுமா?

நிற்க, இன்று நம் பிள்ளைகள் எழுதுவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009இல் சட்டமே செய்தாகிவிட்டது. ஆனால், சட்டம் தடுக்காததை நம் முறை தடுத்துக்கொண்டிருக்கிறது. விஜயதசமியன்று மூன்று வயதுக் குழந்தையின் விரலைப் பெரியவர் ஒருவர் பிடித்து, தட்டிலுள்ள அரிசியில் இழுத்து, "பிள்ளை எழுதிவிட்டான்" என்று சந்தோஷப்படுகிறார்கள். விரல்தான் பிள்ளையுடையது; எழுத்து பெரியவருடையது. மனிதன் மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாக இருந்து, ஒவ்வொன்றாக எலும்பாக மாறுகின்றன. கடைசி எலும்பு தோன்ற 8, 9 வயதுக்கு மேலாகிறது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைத்துவிட்டு, கை வலிக்கிறது என்று குழந்தை அழுதால் சரசுவதி கடாட்சம் இல்லையென்று சொல்லுவது எவ்வளவு மோசம்!

இனி வகுப்புக்குள் பார்ப்போம். பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லுகிறார்கள். "பசு ஒரு வீட்டு மிருகம், அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்று 40 பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். அந்த நாற்பதில் ஒரு பிள்ளை தினமும் மாடு மேய்த்துவிட்டு வருகிறவன். மாடு உதைத்ததும், கன்று செத்ததும், பால் பணம் வராததும் அவனுக்குத் தெரியும். அவனும் நான்கு கால்களையே எழுதுகிறான். தெரிந்ததை எழுதினால் மார்க்கு இல்லை! குற்றம் செய்த பிள்ளைக்கோ நூறு தடவை எழுதும்படி இம்போசிஷன். எழுதுவதையே தண்டனையாக்கிவிட்டு, பிறகு "பிள்ளைகளுக்கு எழுத்தில் ஆசையில்லை" என்று குறை கூறுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

"247 எழுத்தும் தெரியாத பிள்ளை சொந்தமாக எதை எழுதும்?" என்று சிலர் கேட்கலாம். எழுத்து உருவத்தைப் பழக்கவே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது வாசற்படி, வாசற்படியிலேயே ஐந்து வருஷம் உட்கார வைக்காதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம். நியூசிலாந்தில் மௌரி இனக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்னும் அம்மையார், ஒவ்வொரு பிள்ளையையும் "உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சொற்களிலிருந்தே பிள்ளைகள் சொந்த வாக்கியங்களை எழுதினார்கள். இந்த முறையை விளக்கும் அவரது புத்தகம் 1963இலேயே வெளிவந்திருக்கிறது. "வழக்கத்தை மாற்றலாமா?" என்பீர்களானால், நம் எழுத்துகளில் சிலவற்றின் உருவத்தையே 1978இல் அரசாங்கம் உத்தரவு போட்டு மாற்றியது. வானம் இடிந்து விழுந்ததா? உருவம் மாறலாம், முறை மாறக்கூடாதா?

உபாத்தியாயத் தோழர்களே! "எங்க அப்பா நேத்து வேலைக்கு போகல" என்று ஒரு பிள்ளை எழுதினால், உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். முதலில் "அப்பா ஏன் போகவில்லை?" என்று கேளுங்கள். பிள்ளை அதையும் எழுதட்டும். "நேற்று" என்று திருத்துவதற்கு நாளைக்கும் நேரமிருக்கிறது. தான் சொல்லுவதைக் கேட்க ஆளில்லை என்று அந்தப் பிள்ளை ஒரு தடவை முடிவு செய்துவிட்டால், அதைத் திருத்த எந்த மையாலும் முடியாது.

ஆகவே, தினம் பத்து நிமிஷமாவது பிள்ளைகள் தங்கள் சொந்த வாக்கியத்தை எழுதும்படி விட வேண்டும் என்றும், இம்போசிஷன் என்னும் தண்டனையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றும், பெற்றோர்கள் நோட்டைத் திருப்பும்போது "எழுத்து அழகாயிருக்கிறதா?" என்பதற்கு முன் "இது யாருடைய வார்த்தை?" என்று கேட்க வேண்டும் என்றும் வற்புறுத்துகின்றோம். எழுதத் தெரிந்த அடிமையைக் கண்டு எசமான்கள் பயந்தார்கள். பார்த்தெழுத மட்டும் தெரிந்தவனைக் கண்டு எந்த எசமானும் பயப்படமாட்டான்.