சிறு துளையா, பெரிய வெட்டா: யார் தீர்மானிக்கிறார்கள்?

நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டால் அறுவைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, எலும்புகளை விரித்துச் செய்யும் திறந்த அறுவை. மற்றது, இரண்டு மூன்று சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துச் செய்யும் துளை அறுவை. எது நல்லது என்பதை மருத்துவர்கள் பேசட்டும். யாருக்கு எது கிடைக்கிறது என்பதை நாம்தான் பேசவேண்டும்.

நோயின் போக்கைப் பாருங்கள். நிமோனியாவாலோ காசநோயாலோ நுரையீரல் உறைகளுக்கு இடையே நீர் சேர்கிறது. காசநோயால் சேரும் வெறும் நீர் பெரும்பாலும் மாத்திரையிலேயே வற்றிவிடும். சீழாக மாறும்போதுதான் சிக்கல். தொடக்கத்தில் டியூப் போட்டு வடித்துவிடலாம். பிறகு நார் படிந்து, சீழ் அறை அறையாகப் பிரிகிறது. டியூப் மட்டும் போதாது. இந்தக் கட்டத்தில் துளை அறுவை நன்றாகக் கைகொடுக்கும். இன்னும் சில வாரங்கள் போனால் நார் தடித்துத் தோலாகி, நுரையீரலை விரியவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதை உரித்தெடுக்கப் பல நேரங்களில் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கிறது.

ஆக, சிறு துளைக்கும் பெரிய வெட்டுக்கும் இடையே இருப்பது சில வாரங்கள். அந்த வாரங்களை இழப்பவர்கள் யார்?

மண்டைக்காட்டைச் சுற்றியுள்ள நம் மக்கள் கயிறு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் போகிறவர்கள். கல்தூசு காசநோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூலி இல்லை. அதனால் முதல் வாரம் மருந்துக்கடை இருமல் டானிக்கில் கழிகிறது, அடுத்த வாரம் ஊசியில். எக்ஸ்ரே எடுக்கும்போது மாதம் ஓடியிருக்கும். கூடவே ‘டிபி’ என்ற பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். நம் முன்னோர்களை அடிக்கணக்கில் விலகி நிற்கச் சொன்ன திருவிதாங்கூர் மண் இது. நோயின் பெயரால் இன்னொரு முறை விலக்கப்படுவோமோ என்று அஞ்சுகிறவர்களை ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். 1910இல் சுவீடன் மருத்துவர் ஜாகோபியஸ் நெஞ்சுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் முறையை அறிமுகப்படுத்தினார். வெகுவிரைவில் அது காசநோயாளிகளின் சிகிச்சைக்கே அதிகம் பயன்பட்டது. காசநோயாளிகளிடம் வளர்ந்த ஒரு முறை, இன்று காசநோயால் அதிகம் சாகிற ஏழைகளுக்கு எட்டாக்கனியாக இருக்கலாமா?

இது வெறும் தழும்பின் அழகு பற்றிய பேச்சு இல்லை. விலாவை ஒட்டி ஓடும் நரம்பு திறந்த அறுவையில் நசுங்கினால் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். கையைத் தூக்க முடியாதவர் எப்படிச் சுமடு தூக்குவார், எப்படித் தென்னை ஏறுவார்? பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 503 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாவது வாரத்தில், துளை அறுவை செய்துகொண்டவர்களின் உடல் இயக்கம் மேலாக இருந்தது. நோய் வேறானாலும் வெட்டப்படும் நெஞ்சு ஒன்றுதான். மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்புக் கணக்கு; கூலிக்காரருக்கு அடுப்பெரியும் கணக்கு.

அதற்காகத் திறந்த அறுவை என்றாலே மோசம் என்று நாம் சொல்லவில்லை. தோல் தடித்துப்போனவருக்கு உயிர் காப்பது அதுதான். துளையில் தொடங்கி, பாதுகாப்புக்காக நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வி என்றும் சொல்லக் கூடாது. ‘கீஹோல்’ என்ற பெயரைக் கேட்டுத் தாலியை அடகு வைத்துத் தனியாரிடம் ஓடவும் வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. எந்த அறுவை அதில் வரும் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் கோரிக்கைகள் எளியவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, காய்ச்சலோடு நெஞ்சுவலியோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே எக்ஸ்ரேக்கும் ஸ்கேனுக்கும் அனுப்ப வேண்டும். எடுத்த நீரைக் கொட்டிவிடாமல் பரிசோதிக்க வேண்டும். 2001இல் தொடங்கப்பட்ட ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் எந்தெந்த நெஞ்சு அறுவைகள் செய்யப்படுகின்றன, எதற்கு வெளியூர் அனுப்புகிறார்கள் என்பதைப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஏன் இந்த முறை என்று நோயாளிக்குப் புரியும்படி சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். காசநோயாளிக்கு இப்போது தரும் மாதம் 1000 ரூபாய் சத்துணவுக்கானது. அறுவைக்குப் பின் வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்குக் கூலி இழப்பீடு தனியாக வேண்டும்.

எந்தக் கத்தி என்பதை மருத்துவர் அறுவை அரங்கில் முடிவு செய்யட்டும். ஆனால் அந்த முடிவை வறுமையும் சாதியும் நம் வீட்டு வாசலிலேயே எடுத்துவிடக் கூடாது.