நடுவட்டமும் நமது மூடுபனிக் கட்டுரைகளும்

நீலகிரியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ரயில் மூச்சிரைக்கும். குன்னூரில் குளிர் தொடங்கும். உதகையில் மூடுபனி இறங்கும். கட்டுரையாளர் தம் தனிமையைக் கண்டடைவார். இடையில் ஒரு கோப்பைத் தேநீர் வரும். அதன் இலையைப் பறித்தவர் வரமாட்டார். இவ்வகைக் கட்டுரைகளை நாங்களும் ரசித்துப் படித்தவர்கள்தாம். ஓரிரண்டை எழுதிய பாவமும் எங்களுக்கு உண்டு. நடுவட்டம் சென்று வந்தபின் அவற்றைத் திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

நடுவட்டம், உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் பைக்காராவைத் தாண்டி வரும் சிறு பேரூராட்சி. கூடலூர் வழியாக முதுமலைக்குப் போகிறவர்கள் அனைவரும் இதைக் கடந்தே போகிறார்கள். ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மேட்டில் இறங்கிப் படம் எடுப்பார்கள். ஊசிமலையில் மறுபடியும் எடுப்பார்கள். இடையிலுள்ள ஊர் ஜன்னலில் ஒரு கடைத்தெருவாக வந்து மறைந்துவிடும். தமிழ் கற்பிக்கும் நாங்கள் மூவர் அங்கு இறங்கியதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. முன்னால் சென்ற லாரி ஒன்று வளைவில் பழுதாகி நின்றது, அவ்வளவே.

ஊரில் ஒரு பழைய சிறைக்கூடம் இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். தேயிலைக்கு முன் இம்மலைச்சரிவை ஆண்ட பயிர் சின்கோனா. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா அதன் பட்டையிலிருந்து வருவது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து திரட்டிய சின்கோனாவை 1860இல் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். அரசுத் தோட்டங்களை வளர்த்தவர் மெக்ஐவர். பட்டையை உரித்த இடத்தைப் பாசியால் போர்த்தி மறுபட்டை வளரச் செய்யும் உத்தி அவர் பெயரால் வழங்குகிறது. போர்த்திய கைகளின் பெயர் எதிலும் வழங்கவில்லை.

அக்கைகளில் சில சீனக் கைதிகளுடையவை. அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பழைய பதிவுகள் சொல்வது வேறு: மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் தண்டனை பெற்று, அங்கே சிறையில் இடமின்றிச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். தண்டனை முடிந்தபின் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தங்கினர். தமிழ்ப் பெண்களை மணந்தனர். காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டனர், மாடு வளர்த்தனர். இவ்வளவையும் நமக்குச் சொல்பவர் எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தம் நூலில். அவர் அவர்களிடம் சென்றது தலையையும் மூக்கையும் அளப்பதற்காக. அளவுகோலுடன் சென்றவர் அவர்கள் என்ன பயிரிட்டார்கள் என்றாவது குறித்துவைத்தார். அழகுணர்ச்சியுடன் சென்ற நாம் எதைக் குறித்துவைத்தோம்?

சிறைக்கூடத்திலிருந்து திரும்பி ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப் பெஞ்சில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி. "எங்க இருந்து வாறீங்க சார்?" என்று அவரே தொடங்கினார். சொல்லிவிட்டு, "அம்மாவுக்கு எந்த ஊர்?" என்றோம்.

"எதைச் சொல்றது? பொறந்தது பதுளைப் பக்கம். வந்து எறங்குனது மண்டபம் கேம்ப். இங்க எல்லாரும் எங்கள சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. அங்க இருந்தப்ப இந்தியாக்காரங்கன்னாங்க."

இதை அவர் புகாராகச் சொல்லவில்லை, விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டவர்கள் 5,25,000 பேர். அவர்களைக் கேட்டு அந்த எண் எழுதப்படவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு வேலை தரவென்றே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின; தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அப்படிப் பிறந்ததுதான். அத்தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க 2022இல் அரசு முடிவெடுத்தது. காட்டுக்குக் காடு திரும்புவதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் தோட்டத்தில் ஓய்வு என்பது வேலையோடு குடியிருப்பையும் விடுவது. அம்மூதாட்டி இருந்த வீட்டை நாம் 'லைன் வீடு' என்கிறோம். அவர் 'லயம்' என்றார். கடல் கடந்து வந்த சொல்லை அவர் விடவில்லை. வீட்டைத்தான் விட வேண்டியிருந்தது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்.

உடன் வந்த நண்பரே இதற்கு மறுப்புச் சொன்னார். பயணக் கட்டுரை வரலாற்றுப் பாடமோ மனுவோ அன்று. மலையழகில் மனம் கரைவதற்கும் இலக்கியத்தில் இடம் வேண்டும். குறிஞ்சியைப் பாடிய மரபல்லவா நம்முடையது என்றார்.

அந்த மரபைத்தான் நாமும் சாட்சிக்கு அழைக்கிறோம். திணை என்பது நிலக்காட்சி என்று நமக்கு யார் சொன்னது? நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே. அதன்மேல் தொல்காப்பியம் கருப்பொருளை வைக்கிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ், இவற்றோடு தொழில். தினை காப்பவளும் தேன் எடுப்பவனும் இல்லாத குறிஞ்சி நம் மரபில் இல்லை. மூடுபனிக் கட்டுரை செய்வது என்னவென்றால், முதற்பொருளை வைத்துக்கொண்டு கருப்பொருளைக் கழித்துவிட்டு, உரிப்பொருளின் இடத்தில் கட்டுரையாளரின் சொந்த ஏக்கத்தை நிரப்புகிறது. இது குறிஞ்சி மரபன்று, சுற்றுலாத்துறைச் சுவரொட்டி. ஆளில்லாத மலை என்பது இங்கே பங்களா கட்ட வந்த வெள்ளையரின் கற்பனை. அதை நாம் நல்ல தமிழில் தொடர்ந்துகொண்டிருக்கிறோம்.

வேறு வழி தெரியாமலும் இல்லை. படகர் வாழ்வை எழுத ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித்தேன்' தந்தார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. அதிலும் பனி இருக்கிறது. அதில் நனைகிறவர்களும் இருக்கிறார்கள். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களை எழுதினார். திரும்பி வந்தவர்களுக்கு நம் பயணக் கட்டுரைகள் ஒரு பத்தி கூட ஒதுக்கவில்லை. ஷூட்டிங் மேட்டுக்கு எத்தனை பத்தி!

மண்டபம் முகாம் வழியே வந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் படிக்கிறார்கள், கற்பிக்கவும் செய்கிறார்கள். இதைப் படிப்பவர்களிலும் இருக்கக்கூடும். உங்கள் வீட்டில் தோட்டத்துக்கும் டிவிஷனுக்கும் கொழுந்துக் கூடைக்கும் வழங்கும் சொற்கள் எவை, அவற்றில் எவை அக்கரையிலிருந்து வந்தவை, பாட்டி 'ஊர்' என்று சொன்னால் எந்த ஊரைச் சொல்கிறார் என்று எழுதுங்கள். நண்பர் தம் நடுவட்டக் கட்டுரையைத் தொடங்கிவிட்டார். முதல் வரியில் பனி இருந்தது. அடித்துவிட்டு, அந்த மூதாட்டியிடம் கேட்காமல் வந்த கேள்விகளை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். கோடை விடுமுறையில் மறுபடியும் போகிறோம்.