தலைவாஸ் என்ற பன்மை

முதலில் இலக்கணத்தை முடித்துவிடுவோம். 'தலைவா' என்பது விளி. ஒருத்தரைக் கூப்பிடும் சொல். அதன் வாலில் ஆங்கிலப் பன்மைக்குரிய ஒரு 'ஸ்' ஒட்டினால் கிடைப்பது 'தலைவாஸ்'. தலைவர்கள் என்று சொல்ல மொழியில் வழியே இல்லாதது போல. இந்தி எதிர்ப்புக்காகத் தீக்குளித்தவர்களின் மாநிலத்தில், அந்த மொழியின் பெயரையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்த கபடி அணிக்கு 2017-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். பெரிதாக யாருக்கும் உறுத்தவில்லை. சொல்லப்போனால் எனக்கும் அந்த 'ஸ்' பிரச்சினை இல்லை, பஸ்ஸில் ஏறி ஆபீஸ் போகிறவன் நான். என் சண்டை முன்னால் நிற்கிற 'தமிழ்' என்ற சொல்லோடு.

புரோ கபடி லீக் 2014-இல் எட்டு அணிகளோடு ஆரம்பித்தது, 2017-இல் பன்னிரண்டு ஆனது. பாட்னா பைரேட்ஸ், ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ், பெங்களூரு புல்ஸ் எல்லாம் ஊர்ப்பெயர். ஹரியானா, குஜராத், உ.பி. எல்லாம் மாநிலப் பெயர். மொழியின் பெயரில் இருப்பவை இரண்டே இரண்டு: தெலுங்கு டைட்டன்ஸ், தமிழ் தலைவாஸ். தெலுங்குக்காவது ஒரு கணக்கு இருந்தது. மாநிலம் இரண்டாகப் பிரிந்த வருடம் அது. ஊர்ப்பெயர் வைத்தால் ஒரு பக்கம் கோபித்துக்கொள்ளும், மொழியை வைத்தால் இரண்டு பக்கமும் ஜெர்சி விற்கும். நமக்கு அந்த நெருக்கடிகூடக் கிடையாது. சென்னை என்றோ தமிழ்நாடு என்றோ வைத்திருக்கலாம். மொழியை வைத்தார்கள், ஏனென்றால் தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பெரிய பிராண்ட் அதுதான். விளம்பரச் செலவை நம் தாத்தாக்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள்.

அணியின் வரலாறு சுருக்கம். ஆடிய முதல் மூன்று சீசனிலும் கடைசி இடம்: 2017, 2018-இல் தன் பிரிவில், 2019-இல் பன்னிரண்டு அணிகளிலும். அப்போது கேப்டன் இமாச்சலப் பிரதேசத்து அஜய் தாக்கூர், அருமையான ஆட்டக்காரர். 2022-இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள், முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் வெளியே உட்கார்ந்தார். யாரும் எதிர்பார்க்காமல் இளம் பையன்கள் அதே சீசனில் அரையிறுதிக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் இன்றுவரை உச்சம்.

ஒவ்வொரு சீசனிலும் தோல்விக்குப் பின்னால் ஒரே கேள்வி வரும்: "தமிழ்னு பேரு வச்சுட்டு ஏன்டா ஒரு தமிழனும் இல்ல?" இந்தக் கேள்வியை நான் எழுப்பப்போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது சோம்பேறிக் கேள்வி. 2016-இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது கேப்டன் யார்? தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன தர்மராஜ் சேரலாதன். நாற்பது வயதைத் தாண்டியவர். 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டனும் அவர்தான். கபடிக்காரர்கள் விளைகிற மண் என்று நாடே சொல்லும் ஹரியானாவுக்கு ஒரு தமிழர் தலைமை தாங்கிய அதே சீசனில், தமிழுக்கு ஓர் இமாச்சலக்காரர் தலைமை தாங்கினார். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? ஆட்டக்காரன் தொழிலாளி. ஏலத்தில் எடுத்தவனுக்கு ஆடுவான். நான் அமெரிக்கக் கம்பெனிக்குக் கோடு எழுதுகிறேன், அதற்காக யாரும் என்னை 'டெக்சாஸ் தலைவாஸ்' என்று கூப்பிடுவதில்லை. சோனிபட்டிலிருந்து வந்து நமக்காக முட்டியை உடைத்துக்கொள்ளும் பையனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்பவனுக்குக் கபடியும் தெரியாது, தமிழும் தெரியாது.

அப்படியானால் என் சண்டை என்ன? அதைச் சொல்ல மணிலா வழியாகத்தான் போகவேண்டும். எங்கள் டீமில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸில் இருக்கிறார்கள். இரவு ஷிப்டில் சர்வர் விழாமல் இருந்தால் பேசுவதற்கு அவர்களிடம் ஒரே விஷயம்தான், கூடைப்பந்து. அமெரிக்கர்கள் ஆளவந்தபோது பள்ளிக்கூடங்கள் வழியாகவும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவும் விதைத்துவிட்டுப் போன ஆட்டம். உயரம் வேண்டிய ஆட்டத்தை, சராசரியில் குள்ளமான ஒரு ஜனம் நூறு வருடமாக விடாமல் காதலிக்கிறது. 1954 உலகப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கியதை இன்னும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். 2023 உலகக் கோப்பையில் அவர்கள் ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்க்க 38,115 பேர் வந்தார்கள், உலகக் கோப்பைச் சாதனை அது. டொமினிகன் குடியரசிடம் தோற்றார்கள், அது வேறு கதை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அவர்களுடைய தொழில்முறை லீக். 1975-இல் ஆரம்பித்த பி.பி.ஏ., ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதில் அணிகளுக்கு ஊரும் கிடையாது, இனமும் கிடையாது, கம்பெனிப் பெயர்தான். ஹினேப்ரா என்றால் ஜின். சான் மிகேல் என்றால் பீர். ரெயின் ஆர் ஷைன் என்றால் பெயின்ட். மெரால்கோ, நம்ம ஊர் ஈ.பி. மாதிரி மின்சாரக் கம்பெனி. லட்சக்கணக்கான பேர் ஒரு சாராயப் பாட்டிலின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். சிரித்துவிட்டு அவர்களிடம் கேட்டேன், இதில் தேசப் பெருமை எங்கே என்று. "அது கிலாஸுக்கு" என்றார் ஒருவர். கிலாஸ் பிலிப்பினாஸ் அவர்களுடைய தேசிய அணி. கம்பெனி கம்பெனியாக இருக்கிறது, நாடு நாடாக இருக்கிறது. ஹினேப்ராவில் காசுக்கு ஆடவந்த ஜஸ்டின் பிரவுன்லீ என்ற அமெரிக்கருக்கு 2023-இல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தார்கள். அதே வருடம் ஹாங்சோவில் அவர் ஆட, 1962-க்குப் பிறகு முதன்முறையாக ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினார்கள். வெளியாளா, உள்ளாளா என்ற கேள்வியை அவர்கள் இப்படித் தாண்டினார்கள்.

தாண்ட முடிந்ததற்குக் காரணம், அந்தப் பெருமைக்குக் கீழே தரை இருக்கிறது. ஒவ்வொரு பாரங்காயிலும், அதாவது நம்ம வார்டு மாதிரி, ஒரு வளையம் இருக்கிறது. தென்னைமரத்தில் ஆணி அடித்த பலகை, முட்டுச்சந்தில் தொங்கும் இரும்பு வளையம், காலில் ரப்பர் செருப்பு. ஆடிய கால்கள் கேலரியில் உட்கார்ந்து கத்துகின்றன.

சென்னை சூப்பர் கிங்ஸ் பற்றிக் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் சேப்பாக்கத்துக்குள் செருப்பாக வந்து விழுந்தது, ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்களுக்காக ஒரு தனி ரயில் விட்டார்கள், ஆயிரம் பேர் மஞ்சள் சட்டையோடு போனார்கள். அவர்களைத் துரோகி என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன். அவர்கள் தோனிக்காகப் போனார்கள், தோனிக்காகத்தான் போகிறோம் என்றும் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. அணியின் பெயரில் இருந்ததும் ஒரு நகரம்தான்.

இனி எங்கள் ஊர். மம்சாபுரம், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடி. தென்னை, மா, மில் வேலை. கபடி எங்களுக்கு டி.வி.யிலிருந்து வரவில்லை. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் தெருவில் நான்கு கம்பம் நட்டு, போகஸ் லைட் கட்டி, விடிய விடிய நடக்கும். மைக்கில் ஒருவர் பரிசுத்தொகை கொடுத்தவர்களின் பெயரை ஆட்டத்தை விடச் சத்தமாக வாசிப்பார். சுற்றுவட்டாரத்து அணிகள் வேனில் வந்து இறங்கும். நன்றாக ஆடும் பையனுக்குப் போலீஸோ ரயில்வேயோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்துவிடும் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. என்னோடு பத்தாவது படித்த ஒருவன், கார்னரில் நின்றால் எட்டூருக்கும் பயம், இப்போது லிகமென்ட் போய் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறான்.

இந்தக் கபடிதான் தமிழ்நாட்டின் கபடி. இதற்குத் 'தமிழ்' என்று பெயர் வைக்க ஒருவருக்கும் தைரியம் வராது. ஏனென்றால் இதில் அணிக்குத் தெரு உண்டு, தெருவுக்குச் சாதி உண்டு. சட்டையின் நிறமே யார் என்று சொல்லிவிடும். தென்மாவட்டங்களில் ஒரு கபடிப் போட்டி நடத்த காவல் நிலையத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள், சட்டம்-ஒழுங்கு என்று கையை விரிப்பார்கள். கமிட்டிக்காரர்கள் மதுரைக்கு, உயர்நீதிமன்றக் கிளைக்குப் போவார்கள். அங்கே கிடைக்கும் உத்தரவில் ஒரு நிபந்தனை இருக்கும்: சட்டையில் சாதியைக் காட்டும் படமோ வாசகமோ கூடாது. ஒரு விளையாட்டுக்கு நீதிமன்றம் சட்டை தைத்துக் கொடுக்கவேண்டிய நிலை. அந்தப் போட்டிக்கு ஒரு பையன் போகலாமா கூடாதா என்று அவன் அம்மா யோசிப்பது முட்டி உடையும் என்பதற்காக மட்டும் அல்ல.

இந்த மாவட்டத்துக்குப் பெயர்களோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1997-இல் விருதுநகர் மாவட்டத்தில் புதிதாகத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதி. தேவேந்திரர் என்பதால் அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்ப, தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? அவர் பெயரை மட்டும் எடுக்கமுடியாது என்பதால், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்தது. அதன்பின் மாவட்டங்களின் கழகங்களுக்கெல்லாம் ஒரே பெயர்: தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். ஒருவன் பெயரை இன்னொருவன் சகிக்கமாட்டான் என்ற இடத்தில், மேலே இழுத்துப் போர்த்த நமக்கு எப்போதும் கைவசம் இருந்த துணி 'தமிழ்'. தலைவாஸ் சட்டையும் அதே துணியில் தைத்ததுதான் என்கிறேன். அரசாவது கலவரத்துக்குப் பயந்து போர்த்தியது. கம்பெனி லாபத்துக்குப் போர்த்துகிறது. நாம் அதைக் கட்டணச் சேனலில், ஏ.சி. அரங்கில், "தமிழன்டா" என்று போட்டுக்கொள்கிறோம். உள்ளே எந்தத் தெருவும் கிடையாது என்பதுதான் அந்தப் பெருமையின் சுகம்.

2025 அக்டோபரில் 'பைசன் காளமாடன்' வந்தது. ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. ஊரைத் தாண்டிப் போவதற்கே ஒரு கபடிக்காரன் எத்தனை அரிவாளைத் தாண்டவேண்டும் என்று மாரி செல்வராஜ் காட்டினார். படம் பார்த்து அழுத என் நண்பர்களே வெளியே வந்து, "இதெல்லாம் தொண்ணூறுகள்ல" என்றார்கள். அதே மாதம் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடித் தங்கம் வாங்கினார்கள். அதில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர் கார்த்திகா. சென்னைக்குள்ளிருந்து பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்களின் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைப்பவர்கள் இருக்கும் இடம். அந்தப் பெண் அதைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டது. அரசு 25 லட்சம் கொடுத்தது, நல்லது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு அந்த வாரம் கொஞ்சம் எடை கூடியது என்று நினைக்கிறேன், எந்தக் கம்பெனியும் அதைச் சட்டையில் அடிக்காமலே.

கபடி என்பது 'கைப்பிடி'யிலிருந்து வந்த தமிழ்ச்சொல் என்று வாட்ஸப்பில் சுற்றவிடும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை. சொல் எங்கிருந்து வந்திருந்தால் என்ன? 2018 ஜகார்த்தாவில் இந்திய ஆண்களையும் பெண்களையும் ஈரான் தோற்கடித்தபோது ஈரானியர்கள் வேர்ச்சொல் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கு இந்தியாவுக்குக் கேப்டன் நம் அஜய் தாக்கூர்தான்.

சரி, அந்த அணிக்குத் 'தமிழ்' என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். வாடகை கேட்போம். லீக் ஆட்டம் சிந்தெடிக் மேட்டில், ஷூ போட்டுக்கொண்டு ஆடுவது. எங்கள் பையன்கள் மண்ணில், வெறுங்காலில் வளர்ந்தவர்கள். மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கலை நம்பித்தான் ரெய்டில் திரும்புவார்கள். மேட் பிடித்து நிறுத்திவிடும். இடுப்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் இருக்கும் முட்டிதான் கணக்கைத் தீர்க்கும். இதற்குத் திறமை போதாது, மாதக்கணக்கில் மேட்டில் ஆடிப் பழகவேண்டும். ஹரியானாக்காரர்கள் சிறுவயதிலேயே அதில் ஏறிவிடுகிறார்கள், அதனால் ஏலத்திலும் ஏறுகிறார்கள். ரத்தமும் இல்லை, மரபணுவும் இல்லை. மொழியின் பெயரை எடுத்துக்கொண்ட அணி தாலுகாவுக்கு ஒரு மேட் போடட்டும், தெருவுக்குள் இல்லை, எல்லாத் தெருவும் வந்து சேரும் அரசுப் பள்ளி மைதானத்தில். போடுகிற வரைக்கும் அந்தச் சட்டை எனக்கு ஹினேப்ரா மாதிரிதான், அதிலாவது பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் ட்ரையல் என்று தகவல் வந்தால் பையன்கள் முதலில் செய்வது ஷூ தேடுவது. போன தடவை நான்கு பேர் போனார்கள், இருந்தது இரண்டு ஜோடி. உள்ளே போய்விட்டு வந்தவன் வாசலிலேயே கழற்றி அடுத்தவனிடம் கொடுத்தான். ஒன்பதாம் நம்பர் கால்காரன் எட்டாம் நம்பருக்குள் விரலை மடக்கிக்கொண்டு ரெய்டுக்குப் போனான்.