குடியுரிமைப் பாரத்தில் இரண்டு கையெழுத்து: தோட்டம் போன பிறகு யாரைக் கேட்பது?

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு வீட்டுக்குக் குடியுரிமைப் பாரம் நிரப்ப உதவிக்குப் போயிருந்தேன். பாட்டிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிறந்தது இங்கேதான், தோட்டத்து லயத்தில். பிரசவம் பார்த்தது லயத்து மருத்துவச்சி. பிறப்புப் பத்திரம் யாரும் எடுக்கவில்லை. பால்மரம் சீவினார், பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கினார். இன்றுவரை கையில் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு.

பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் விவரம் என்று பாரம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. கடைசியில் பரிந்துரையாளர் பகுதியில் வந்து நின்றோம்.

"பாட்டி, உங்கள நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேரு வேணும். சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. நீலக் கார்டு வெச்சிருக்கணும்."

பாட்டி விரல் விட்டு எண்ணினார். முதலில் சொன்னது கொழுந்தனார் பெயர். அடுத்தது நாத்தனார் மகன். மூன்றாவது தோட்டத்துப் பெரிய கிராணி. அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. நான்காவது பக்கத்து லயத்து அக்கா. அந்த அக்காவுக்கும் சிவப்புக் கார்டுதான்.

"அப்புறம் யாரு தம்பி என்னயத் தெரிஞ்சவங்க? தோட்டமே போயிருச்சே" என்றார்.

குடியுரிமை பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் சட்டம், அமைச்சர் அறிவிப்பு, நாடாளுமன்றம் என்றே போகிறது. இந்தச் சின்ன இடத்தில் வந்து நின்றுபோகும் விண்ணப்பங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். கடந்த 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகளாவது நாட்டில் வசித்திருக்க வேண்டும். நன்னடத்தையும் போதிய மலாய்மொழி அறிவும் வேண்டும். தேசியப் பதிவு இலாகா இவற்றோடு இரண்டு பரிந்துரையாளர்களையும் கேட்கிறது. இருவரும் 21 வயதுக்கு மேற்பட்ட மலேசியக் குடிமக்களாகவும், விண்ணப்பதாரரின் நெருங்கிய குடும்பத்தைச் சேராதவர்களாகவும் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் குடியுரிமை கொடுப்பது அரசாங்கத்தின் விருப்பம். மறுத்தால் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையே சொல்கிறது. ஆகவே முதல் தடவை கொடுக்கும் பாரமே குறையில்லாமல் இருப்பது நல்லது.

இது பாட்டிமார் பிரச்னை, இன்னும் கொஞ்ச காலத்தில் தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்தை அவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு மலேசியத் தாய்மாரும் தந்தையரைப் போலவே குடியுரிமை வழங்க அது வழி செய்தது. பெண்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற உரிமை, வரவேற்க வேண்டியது. ஆனால் அதே திருத்தத்தில் இன்னொரு மாற்றமும் இருக்கிறது. நாட்டில் பிறக்கும் குழந்தையின் தாயோ தந்தையோ நிரந்தரவாசியாக, அதாவது சிவப்புக் கார்டுக்காரராக இருந்தால், குழந்தை சட்டப்படி தானாகவே குடிமகன் என்பது பழைய விதி. திருத்தம் அந்த வழியை மூடுகிறது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றவர்களுக்குப் பாதிப்பு இல்லை. இனிப் பிறக்கப் போகும் குழந்தைகளின் கதைதான் வேறு.

தாய் தகப்பன் இருவரும் சிவப்புக் கார்டு என்றால் சிக்கல் வெளிப்படையாகத் தெரியும். இன்னொரு வகைச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. தகப்பனுக்கு நீலக் கார்டு, தாய்க்குச் சிவப்புக் கார்டு. கோயிலில் தாலி கட்டி, ஊரே வந்து சாப்பிட்டுப் போன கல்யாணம். ஆனால் பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். பதிவு இல்லாத திருமணத்தில் பிறக்கும் குழந்தை, குடியுரிமை விஷயத்தில் தாயின் நிலையைத்தான் பின்பற்றும். அப்போது தாயின் சிவப்புக் கார்டு பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. இன்று பாட்டிக்கோ அவர் மகளுக்கோ கிடைக்காமல் போகும் இரண்டு கையெழுத்து, நாளை பேத்தி பள்ளியில் சேரும் நாளில் கணக்கு கேட்கும்.

சரி, பரிந்துரையாளர் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? தோட்டத்தில் ஆள் தெரியாதவர் யார்?

விஷயமே அதுதான். தோட்டம் இருந்தவரை ஒருவரை இன்னார் என்று சொல்ல ஆள் வேண்டிய அளவுக்கு இருந்தார்கள். பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்த மண்டோர், செக்ரோல் எழுதிய கிராணி, மருந்து கொடுத்த டிரஸர், ஆயாக் கொட்டகை ஆயா, தமிழ்ப்பள்ளி வாத்தியார், கோயில் தலைவர், சங்கத்துக் கிளைச் செயலாளர் என்று பட்டியல் நீளும். கோலா சிலாங்கூர் மாவட்டத்துக்கு இதில் பழைய வரலாறு உண்டு. நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் போடப்பட்டது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. அந்த மண்ணில் நான்கு தலைமுறை வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்று தங்களைத் தெரிந்தவர் இரண்டு பேரைத் தேடி அலைகிறார்கள்.

சுதந்திரம் கிடைத்தபோது வாய்ப்பு இல்லாமல் இல்லை. 1957-க்குப் பிறகு ஓராண்டுக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்குக்கூட இருந்தது. பதிந்தவர்கள் பதிந்தார்கள். 'தோட்டத்துல வேலை இருக்கு, வீடு இருக்கு, கார்டு எதுக்கு?' என்று விட்டவர்களும் நிறைய. அந்தக் கார்டு எதற்கு என்று 1969-இல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நின்றவர்கள் சிவப்புக் கார்டோடு நின்றார்கள்.

அதற்கு முன்பே துண்டாடல் தொடங்கிவிட்டது. பின்னாளில் மேம்பாடு வந்தது. ஈஜோக், புஞ்சாக் ஆலாம் பக்கம் போனால் செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. வடக்கே மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் தோட்டத்து மக்கள் தங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று இருபது வருடத்துக்கு மேல் போராடிய கதை இப்பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். வீடு போனதைக் கணக்கெடுத்தோம், இழப்பீட்டைக் கணக்கெடுத்தோம். சாட்சிகள் சிதறியதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. கிராணி மகன் வீட்டுக்குக் கிள்ளான் போனார். வாத்தியார் ஓய்வு பெற்று ஈப்போ போனார். செக்ரோல் புத்தகம் எங்கே போனது என்று கம்பெனிக்கே தெரியாது.

புதிய தாமானில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்மை இரண்டு வருடமாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் பயப்படுகிறார். 'நாளைக்கு ஏதாவது கேஸ் வந்தா என்னையும் கூப்பிடுவாங்களா?' என்று கேட்கிறார். பரிந்துரை என்பது கடனுக்கு ஜாமீன் நிற்பது மாதிரி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்ததைத் தெரியும் என்று உண்மையாகச் சொல்பவருக்கு என்ன பயம்? பொய் சொன்னால்தான் ஆபத்து. அது கையெழுத்துப் போட்டவரைவிட விண்ணப்பதாரரைத்தான் முதலில் கடிக்கும். மோசடியாலோ பொய்த் தகவலாலோ பெற்ற குடியுரிமையைப் பறிக்க 26-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. 'ரெண்டு ஆள் நான் ஏற்பாடு பண்றேன், இவ்வளவு வெள்ளி கொடுங்க' என்று வீட்டு வாசலுக்கு வரும் தரகர்களை நம்ப வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பாட்டியைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் 'இருபது வருடமாகத் தெரியும்' என்று எழுதிக் கொடுத்தால், நேர்காணல் மேசையில் ஒரே கேள்வியில் அது உடைந்துவிடும்.

சாட்சி கேட்பது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. பிரிட்டனில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவரும் இரண்டு பரிந்துரையாளர்களைக் காட்ட வேண்டும். இருவருக்கும் விண்ணப்பதாரரை மூன்று ஆண்டுகளாவது தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஆசிரியர், சமயக் குரு, அரசு ஊழியர் போன்ற தொழில் தகுதி உள்ளவர். அவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். மற்றவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தொழில் தகுதி உள்ளவராகவோ 25 வயதைக் கடந்தவராகவோ இருக்க வேண்டும். உறவினர் கூடாது, விண்ணப்பத்தைக் கவனிக்கும் வழக்கறிஞர் கூடாது, பரிந்துரையாளர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் உறவாகவும் இருக்கக் கூடாது. பார்த்தால் நம் விதியைவிடக் கடுமை. ஆனாலும் லண்டனில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையனுக்கு இது பெரிய மலையல்ல. அலுவலகத்தில் ஒருவர், பிள்ளை படிக்கும் பள்ளியில் ஒருவர் என்று கிடைத்துவிடும். (அவர் அந்தக் குடியுரிமையை எடுத்தால் மலேசியக் குடியுரிமையை விட வேண்டும் என்பது வேறு விஷயம். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லை.) படித்து, பல தரப்பு மக்களோடு பழகி வேலை செய்பவருக்கு இந்த விதி ஒரு வாரத்து வேலை. வாழ்நாள் முழுவதும் ஒரே லயத்தில், சொந்தங்களுக்கு நடுவில் வாழ வைக்கப்பட்டவருக்கு அதே விதி ஒரு சுவர்.

எங்களைப் போலவே தோட்டத்து மக்கள் இலங்கை மலையகத்தில் இருக்கிறார்கள். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களிடம் வசிப்புக்கு ஆதாரம் கேட்டது, பத்திரம் கேட்டது. தலைமுறைகள் நாடற்றவர்களாகவே போயின. 2003-இல் புதிய சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் நாட்டில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தவர்களும் குடிமக்களாகலாம் என்று அது வழி திறந்தது. அந்த ஆண்டு இறுதியில் அகதிகளுக்கான ஐ.நா. தூதரகத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில் பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். அரசாங்கம் கேள்வி கேட்கும் முறை மாறியது.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2011-இல் மைடஃப்தார் இயக்கம் நடந்தது. 2018-இல் 60 வயதைத் தாண்டிய 3,407 சிவப்புக் கார்டு இந்தியர்களைப் பற்றி அரசாங்கம் பேசியது. சிலாங்கூரில் மாநில அரசின் மைசெல் பிரிவு அடையாள ஆவணப் பிரச்னைகளுக்கு உதவுகிறது. ஆனால் முகாம் முடிந்து கூடாரத்தைப் பிரித்த பிறகு, 'ரெண்டு பேர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க' என்ற வரியோடு பாரம் வீட்டு மேசையில்தான் கிடக்கிறது.

என் கருத்து இதுதான்: தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்களுக்கு, ஆள் சாட்சிக்குப் பதிலாகத் தோட்டத்தின் காகிதமே சாட்சியாக ஏற்கப்பட வேண்டும். ஊழியர் சேமநிதி வாரியம் 1951-இலிருந்து இருக்கிறது. அதன் கணக்கில் எந்த முதலாளியிடம், எந்த ஆண்டு வேலை செய்தார் என்பது பதிவாகிறது. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் தகப்பன் பெயரும் இருக்கும். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பழைய சந்தா அட்டை சிலர் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. 30 வருடம் அரசாங்க வாரியத்துக்குச் சந்தா போன ஒருவரைத் தெரியும் என்று சொல்ல இன்னும் இரண்டு பேர் எதற்கு? இதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்துறை அமைச்சிடம் கேட்க வேண்டும்.

அது நடக்கும்வரை காத்திருக்க வயது இடம் கொடுக்காது. வீட்டில் சிவப்புக் கார்டு உள்ள முதியவர் இருந்தால், அவர் வேலை செய்த தோட்டங்களின் பெயர், வருடம், கூட வேலை செய்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். பழைய வாத்தியார், கிராணி, டிரஸர் யாராவது உயிரோடு இருந்தால் தேடிப் பிடியுங்கள். அவர் தள்ளாதவர் என்றால், தெரிந்ததைச் சத்தியப் பிரமாணமாக ஆணையர் முன் இப்போதே எழுதி வாங்கிக்கொள்வது உதவும். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பகுதியில் எத்தனை சிவப்புக் கார்டு இருக்கிறது என்ற பட்டியல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரையெல்லாம் பல வருடத்துக்குப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. அந்த நோட்டுப் புத்தகங்களிலும் பலருடைய பழைய சாட்சி இருக்கக்கூடும். பெயர் பதிந்து கல்யாணம் செய்யாத இளையவர்கள் அதை முதலில் செய்து முடிக்கட்டும்.

நாங்கள் பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். சேமநிதி காகிதம் ஒன்று, மகனின் தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ் ஒன்று. சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்து இருந்தது. விசாரித்ததில் அவர் கோலா சிலாங்கூர் டவுனிலேயே மகளோடு இருப்பது தெரிந்தது. போய் நின்றதும் பாட்டியைப் பார்த்து, "சீனி மகன் ஸ்கூலுக்கு மட்டம் போட்டா நீதானே பிரம்போட இழுத்துக்கிட்டு வருவே?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது ஆள், பழைய தோட்டத்து டிரஸர், தஞ்சோங் காராங்கில் இருக்கிறாராம். அடுத்த சனிக்கிழமை போகிறோம்.